அம்மாவின் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை

சென்ற ஆண்டின் கடைசியில் பிரிக்பீல்ட்ஸில் நடந்த ஒரு சிறுகதைக் கலந்துரையாடலுக்குப் போயிருந்தேன். இருபது பேருக்கு மேல் இல்லை. பேசப்பட்ட ஆறு கதைகளில் நான்கில் அம்மாதான் வில்லி. மகளின் கைப்பேசியைத் துழாவும் அம்மா, மகனின் காதலியை வாசலிலேயே நிற்க வைக்கும் அம்மா, மருந்து குடிப்பேன் என்று மிரட்டும் அம்மா, சாமி வந்து ஆடி நிச்சயதார்த்தத்தை நிறுத்தும் அம்மா. முடிவில் மூத்தவர் ஒருவர் எழுந்து, “உங்க தலைமுறைக்கு அம்மாவோட அருமை தெரியல. பெத்தவளைப் பத்தி எழுதும்போது கை கூச வேண்டாமா?” என்று கேட்டார். நல்ல கைத்தட்டல். அவருக்குப் பதில் சொல்ல என் வயதுள்ள ஒருவர் எழுந்து “டாக்சிக் பேரன்டிங்” என்று தொடங்கிப் பத்து நிமிடம் பேசினார். அதற்கும் கைத்தட்டல். இரண்டுக்கும் தட்டியவர்களில் பாதிப் பேர் ஒரே ஆட்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. மஸ்ஜித் ஜாமெக்கில் ரயில் மாறி அம்பாங் வந்து சேர்வதற்குள் அம்மா மூன்று முறை அழைத்துவிட்டார். எனக்கு வயது 28. மலைச்சரிவுகள் நிற்குமா சரியுமா என்று கணக்குப் பார்த்துக் கையெழுத்துப் போடும் வேலையில் இருக்கிறேன். பத்து மணிக்குள் வீட்டில் இருக்கவேண்டும்.

அன்று சொல்லாததை இங்கே சொல்கிறேன். மூத்தவர் சொன்னதும் தவறு, என் வயதுக்காரர் சொன்னதும் தவறு. ஒருவர் அம்மாவைக் கோயிலில் வைக்கிறார், இன்னொருவர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார். இரண்டு இடத்திலும் அம்மா அசையாமல் நிற்கவேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அம்மா ஒரு வேலை பார்க்கிறார், அந்த வேலையை அவருக்கு யாரோ கொடுத்திருக்கிறார்கள், ஒருநாள் அந்த வேலையை அவர் விட்டுவிடவும் கூடும் என்ற எண்ணம் இருவருக்கும் வரவில்லை.

முதலில் ஒரு சின்னக் கேள்வி. அந்த நான்கு கதைகளிலும் அப்பா எங்கே இருந்தார்? நான் குறித்துவைத்திருக்கிறேன். ஒன்றில் செத்துப்போயிருந்தார். ஒன்றில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றில் “உங்க அம்மாகிட்ட கேட்டுக்க” என்று ஒரே ஒரு வசனம் பேசினார். நான்காவதில் கடைசிப் பக்கத்தில் மகளின் தலையைத் தடவிக் கண்கலங்கினார், வாசகர்களும் கூடவே கலங்கினார்கள். தடை சொன்னது முழுக்க அம்மா, தடவிக் கொடுத்தது அப்பா. எழுதியவர்கள் யாரும் இதைத் திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டார்கள். அவரவர் வீட்டில் பார்த்ததை எழுதியிருப்பார்கள். என் வீட்டிலும் இதே கதைதான். எங்கள் உறவுக்காரர்களிடம் கேட்டால் அப்பா தங்கமானவர், ஒரு சொல் அதிர்ந்து பேசமாட்டார் என்பார்கள். உண்மைதான். அவர் பேசவேண்டிய சொல் எல்லாவற்றையும் பேசுவதற்கு வீட்டில் ஓர் ஆள் இருந்தது. அப்பா நல்லவராக இருக்க அம்மா கெட்டவராக இருக்கவேண்டி வந்தது.

என் அம்மாவின் கெட்டதனத்துக்குப் பட்டியல் போடுவது எளிது. நான்காம் படிவத்தில் பள்ளி முகாமுக்கு விடவில்லை. நாட்குறிப்பைப் படித்தார், படித்ததைப் பெரியம்மாவிடம் சொன்னார். மெட்ரிகுலேஷனில் இருந்தபோது தினமும் இரவு ஒன்பது மணிக்குக் காணொளி அழைப்பு வரும். என் முகத்தைப் பார்த்தால் போதாது. கேமராவைத் திருப்பி அறையை ஒரு சுற்று காட்டவேண்டும். அறைத் தோழி ஒரு கெடாக்காரப் பெண். அம்மாவின் சுற்றுப்பயணத்துக்குத் தயாராக எட்டே முக்காலுக்கே துணியெல்லாம் மடித்துவைத்துவிடுவாள், பாவம். ஜொகூரில் பொறியியல் படிக்க இடம் கிடைத்தபோது சந்தோஷப்பட்டவர் அப்பா. அம்மா அழுதார். பிரிவின் அழுகை என்று அப்பா சொன்னார். எனக்கு நன்றாகத் தெரியும், அது கண்காணிப்பு எல்லையைத் தாண்டிப் போகிறேன் என்ற பயம்.

எதைப் பற்றிய பயம்? இங்கேதான் எங்கள் குடும்பத்தின் பழைய கணக்கு ஒன்று வருகிறது.

2005-இல், எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, பெரியப்பாவின் மகள் வீட்டை விட்டுப் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். மாப்பிள்ளை சாதியில் குறைந்தவர் என்றார்கள். மலேசியாவில் சாதியா என்று கேட்பவர்கள் ஒரு பெண் பார்க்கும் சடங்குக்கு வந்து அடுப்படிப் பக்கம் நின்று கேட்கலாம். அக்கா போன பிறகு பெரியப்பாவுக்கு எதுவும் ஆகவில்லை. கோயில் நிர்வாகத்தில் இருந்தார், தொடர்ந்து இருந்தார். எல்லாரும் அவர் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். தண்டனை பெரியம்மாவுக்கு. “வளத்த லட்சணம்” என்ற இரண்டே சொல். அதன்பிறகு எந்தக் கல்யாணத்திலும் பெரியம்மாவை ஆரத்தித் தட்டைத் தொட நான் பார்த்ததில்லை. விருந்துக்கு முதல் நாளே வந்து வெங்காயம் உரிப்பார். படம் எடுக்கும்போது சமையல் கட்டில் இருப்பார். யாரும் போகச் சொல்லவில்லை, அவராகவே போய்விடுவார். அம்மா இதைப் பதினேழு ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் கைமீறிப் போனால் தாய்க்கு என்ன நடக்கும் என்பதற்கு அவருக்குக் கண்முன்னே ஒரு செயல்முறை விளக்கம் இருந்தது.

சட்டத்தையும் பாருங்கள். இந்த நாட்டில் இஸ்லாமியர் அல்லாதவர்களின் திருமணத்தை ஆள்வது 1982 மார்ச்சில் நடப்புக்கு வந்த 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம். 21 வயது நிரம்பாதவர் திருமணம் செய்ய எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும் என்கிறது அதன் 12-ஆவது பிரிவு. யாருடைய சம்மதம்? அப்பாவுடையது. அப்பா உயிரோடு இல்லையென்றால், அல்லது பிள்ளை திருமண உறவுக்கு வெளியே பிறந்ததாக இருந்தால், அப்போதுதான் அம்மா. 1961-ஆம் ஆண்டுச் சிறார் பாதுகாவலர் சட்டத்தின்படி பிள்ளையின் பாதுகாவலர் அப்பா. அம்மாவுக்கும் சம உரிமை என்று திருத்தம் வந்தது 1999-இல். நான் பிறந்தது 1997. என் வாழ்க்கையின் முதல் இரண்டு ஆண்டுகள் சட்டத்தின் கண்ணில் அம்மா எனக்குச் சோறூட்டிய ஒரு பெண்மணி, அவ்வளவுதான். உரிமையெல்லாம் ஒருவர் பெயரில், காவல் இன்னொருவர் தலையில். வீட்டுப் பத்திரத்தில் பெயரில்லாத ஆளிடம் சாவிக்கொத்தைக் கொடுத்து, ஏதாவது காணாமல் போனால் உன்னைத்தான் கேட்பேன் என்று சொன்னால் அந்த ஆள் எப்படி நடந்துகொள்வார்? கதவை ஒன்பது முறை இழுத்துப் பார்ப்பார்.

“அப்படியென்றால் எல்லா அம்மாவும் பாவம், யாரும் குற்றவாளி இல்லையா?” என்று என் வயதுக்காரர் கேட்பார். கேட்கவேண்டிய கேள்விதான். அதற்கு உடுமலைப்பேட்டைக்குப் போகவேண்டும்.

2016 மார்ச் 13-ஆம் நாள், உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்கு அருகில், பட்டப்பகலில், சங்கர் என்ற பொறியியல் மாணவர் வெட்டிக் கொல்லப்பட்டார். தலித் இளைஞர். கூட இருந்த மனைவி கௌசல்யாவுக்கும் வெட்டு விழுந்தது, பிழைத்துக்கொண்டார். அவர் இடைநிலைச் சாதியில் பிறந்தவர், எட்டு மாதங்களுக்கு முன்பு வீட்டை எதிர்த்துத் திருமணம் செய்துகொண்டவர். கண்காணிப்புக் கேமராவில் பதிவான அந்தக் காட்சி உலகம் முழுக்கத் தமிழர் கைப்பேசிகளில் ஓடியது. அம்பாங்குக்கும் வந்தது. கௌசல்யாவுக்கு அப்போது 19 வயது, ஏறக்குறைய என் வயது. அன்று இரவு ஒன்பது மணி அழைப்பில் அம்மா அதைப் பற்றிப் பேசினார். என்ன சொன்னார் என்பதை மாற்றாமல் எழுதுகிறேன்: “வெட்டுனது தப்புதான். ஆனா பெத்தவங்க சொல்றத கேட்டிருந்தா அந்தப் பையன் உயிரோட இருந்திருப்பான்ல?”

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அறையைச் சுற்றிக் காட்டவில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்காக அம்மாவோடு பல மாதம் மனம் ஒட்டவில்லை. இன்றும் அதை மன்னித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். அந்த ‘ஆனா’ இருக்கிறதே, அதில் நின்றுகொண்டுதான் அரிவாள் ஓங்கப்படுகிறது. கொலைகாரன் கூலிக்கு வருகிறான். அவனுக்கு முன்பே ஊரெல்லாம் இந்த ‘ஆனா’வைச் சொல்லி முடித்திருக்கிறது.

கௌசல்யா பெற்றோருக்கு எதிராக நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். 2017 டிசம்பர் 12-இல் திருப்பூர் நீதிமன்றம் அவருடைய தந்தை உட்பட ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. தாயார் உட்பட மூவர் விடுவிக்கப்பட்டார்கள். 2020 ஜூன் 22-இல் சென்னை உயர் நீதிமன்றம் தந்தையையும் விடுவித்தது, மற்ற ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. மூவரின் விடுதலையை எதிர்த்த மேல்முறையீடு தள்ளுபடியானது. தீர்ப்பைப் பற்றி இங்கே வாதாடப் போவதில்லை. அந்தத் தேதியைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். 2020 ஜூன் மாதம் நாம் எல்லாரும் எங்கே இருந்தோம்? வீட்டுக்குள்.

மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. அதற்கு முந்திய நாள் கிடைத்த பேருந்தில் ஜொகூரிலிருந்து ஓடிவந்தேன். இறுதி ஆண்டு, கடைசிப் பருவம். 750 சதுர அடி வீட்டில் நான், அம்மா, அப்பா, தம்பி. அந்த முதல் வாரங்கள் நினைவிருக்கும். மளிகை வாங்க வீட்டுக்கு ஒருவர்தான் போகலாம், அதுவும் குடும்பத் தலைவர், பத்து கிலோமீட்டருக்குள். எங்கள் வீட்டில் குடும்பத் தலைவர் என்றால் அப்பா. வாழ்நாளில் வெங்காயம் வாங்கியிராத மனிதர் பட்டியலோடு போய், பெருஞ்சீரகத்துக்குப் பதில் ஓமம் வாங்கிவந்தார். அம்மா காலை ஏழு மணிக்குச் சந்தைக்குப் போய் நாலு பேரிடம் பேசிவிட்டு வருகிறவர். அதுதான் அவருக்கு இருந்த ஒரே வெளியுலகம். மூன்றாவது வாரம் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். நல்ல மகளாக இருந்தால் அந்த நேரத்தில் பக்கத்தில் போய் நின்றிருப்பேன். நான் நல்ல மகள் இல்லை. “இப்பத் தெரியுதா எப்படி இருக்கும்னு?” என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இது திரைப்படமாக இருந்தால் அம்மா திரும்பிப் பார்த்து ஒரு வசனம் பேசியிருப்பார், நான் அழுதிருப்பேன். எங்கள் வீட்டில் அன்றைக்கு ரசம் உப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

ஜூன் மாதம் அந்தத் தீர்ப்புச் செய்தியை நான் வாய்விட்டுப் படித்தேன், வேண்டுமென்றேதான். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பொண்ணோட அம்மாவுக்கு என்னா ஆச்சு?”

“அவங்க மூணு வருஷத்துக்கு முன்னாடியே விடுதலை.”

கொஞ்ச நேரம் கழித்து, “விடுதலையாயி எங்க போயிருப்பா?” என்றார்.

அந்தக் கேள்விக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. வெட்டுப்பட்ட மகளைக் கேட்காமல் தாயைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று. இப்போது யோசித்தால், நான்கு ஆண்டுகளுக்கு முன்பு சொன்ன அந்த ‘ஆனா’ அன்றைக்கு அவர் வாயில் வரவில்லை. புருஷனும் சாதிசனமும் கொடுத்த காவல் வேலையின் கடைசிப் படி எங்கே போய் முடியும் என்பதை அவர் எங்கேயோ பார்த்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்லமுடியாது. அம்மாவிடம் இன்றுவரை கேட்டதில்லை.

என் வயதுக்காரரின் கேள்விக்கு இதுதான் பதில். காவல் வேலை பார்ப்பவர் குற்றமற்றவர் என்று நான் சொல்லவில்லை. காவலாளி அடித்தாலும் அடி அடிதான். ஆனால் காவலாளியை மட்டும் மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டிருந்தால் பண்ணையார் நிம்மதியாகத் தூங்குவார்.

நம் நல்ல எழுத்தாளர்கள் இதை எப்போதோ எழுதிவிட்டார்கள். நாம்தான் அவர்களைப் பரீட்சைக்குப் படித்ததுபோல் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். ஜெயகாந்தன் 1966-இல் ஆனந்த விகடனில் ‘அக்கினிப் பிரவேசம்’ எழுதினார். மழையில் காரில் ஏறி ஏமாந்து வந்த பெண்ணை, அம்மா முதலில் ஆத்திரப்பட்டாலும், வெளியே யாருக்கும் தெரியாமல் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று முடித்துவிடுகிறாள். பெரிய சர்ச்சை ஆனது. பிறகு அவரே ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலை எழுதினார். அதே மழை, அதே கார். இந்த முறை அம்மா கத்திவிடுகிறாள். அண்ணன் காதில் விழுகிறது. பெண் வீட்டை விட்டுத் துரத்தப்படுகிறாள், அவள் வாழ்க்கையே வேறு திசைக்குப் போகிறது. முதல் அம்மா நல்லவள், இரண்டாவது அம்மா கெட்டவள் என்று படிப்பவர்கள் கதையைத் தவறவிடுகிறார்கள். இருவரும் ஒரே ஆள். ஒரு கதையில் ஊர் காதில் விழவில்லை, இன்னொன்றில் விழுந்துவிட்டது. அம்மாவின் அன்பு எவ்வளவு என்பதை, யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது தீர்மானிக்கிறது. இந்த ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஜெயகாந்தன் 1966-லேயே சொன்னதை, 2025-இல் நாம் “அம்மா ஏன் இப்படி?” என்று புதிதாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ இன்னும் கூர்மை. தெய்வம்போல ஒளிர்ந்த அம்மா, பெண் பார்க்கப்போன இடத்தில் உடன்பிறந்தவளின் மகளை நிறம் கருப்பு என்று தட்டிக்கழித்துவிட்டார்கள் என்ற எரிச்சலோடு வீடு திரும்புகிறாள். பூப்பெய்திய மகள் காத்திருக்கிறாள். அம்மா ஒரே ஒரு சுடுசொல் சொல்கிறாள். அத்தோடு மகளுக்குள் இருந்த அம்மா முடிந்தாள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? மாப்பிள்ளை வீட்டாரிடமிருந்து. அவர்கள் கதையில் எங்கோ இருக்கிறார்கள். அவர்கள் வீசிய கல் அம்மாவின் கையைக் கடந்து மகள் மேல் விழுகிறது. பிரிக்பீல்ட்ஸில் அன்று பேசிய மூத்தவர் இந்தக் கதையைப் படித்தவர்தான், மேற்கோள் காட்டுவார். ஆனாலும் கை கூசவேண்டும் என்கிறார். அம்பையின் கை கூசியிருந்தால் அந்தக் கதை நமக்குக் கிடைத்திருக்காது.

தமிழில் மட்டும் என்று நினைக்கவேண்டாம். ஈப்போவில் பிறந்த மிஷெல் யோவுக்கு 2023-இல் ஆஸ்கர் வாங்கிக்கொடுத்த படத்தில் அவர் துணி வெளுப்பகம் நடத்தும் அம்மா. மகளுக்கு ஒரு தோழி இருக்கிறாள், காதலி. அம்மாவுக்கு அது தெரியும், ஒருவிதத்தில் ஏற்றுக்கொண்டும் இருக்கிறார். தன் கிழட்டு அப்பா வந்திருக்கும்போது மட்டும் அவளை வெறும் ‘நல்ல தோழி’ என்று அறிமுகப்படுத்துகிறார். பன்முகப் பிரபஞ்சம், அடிதடி எல்லாம் அதற்கப்புறம்தான். எனக்கு அந்தப் படத்தில் பிடித்தது அந்த ஒரு பொய்தான். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கிழவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை.

என் தொழிலில் ஒரு பாடம் உண்டு. அம்பாங்–ஹுலு கிளாங் மலையடிவாரத்தில் வேலை செய்கிறவர்கள் யாருக்கும் 1993 டிசம்பர் 11 மறக்காது. ஹைலண்ட் டவர்ஸ் சரிந்து 48 பேர் இறந்த நாள். தாங்குசுவர் என்பது தனக்காக நிற்பதில்லை, பின்னால் இருக்கும் மண்ணுக்காக நிற்கிறது. மண் மட்டும் என்றால் பரவாயில்லை. வடிகால் சரியில்லாமல் தண்ணீர் தேங்கினால் எந்தச் சுவரும் தள்ளுப்படும். சுவர் விழுந்த பிறகு சுவரை ஏசிப் பயனில்லை. மேலே யார் காட்டை அழித்தது, தண்ணீர் ஏன் இந்தப் பக்கம் வந்தது என்று பார்க்கச் சொல்வார்கள். உவமை போதும், அம்மா ஒன்றும் கான்கிரீட் இல்லை. சுவர் தானாக வேலையை விடாது. அம்மா விட்டார்.

2022-இல் பெரியம்மா கிள்ளானில் இறந்துபோனார். பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு அக்கா வந்தார், கணவரோடும் பன்னிரண்டு வயது மகனோடும். கணவர் சாலையோரம் காருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். அக்காவைக் கூடாரத்துக்குள் வர விட்டார்கள், முகம் பார்க்க விட்டார்கள், அதுவே பெரிய மனது என்பதுபோல. நெய்ப்பந்தம் பிடிக்கும் நேரம் வந்தது. பேரப்பிள்ளைகள் வரிசையாக நிற்க, அந்தப் பையன் அவன் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றான். யாரும் கூப்பிடவில்லை. அம்மா கட்டிலைச் சுற்றிக்கொண்டு போனார், ஒரு பந்தத்தை எடுத்தார், பற்றவைத்தார், பையன் கையில் கொடுத்து வரிசையில் நிறுத்தினார். “பாத்துப் புடி, சுட்ரும்” என்றார். அவ்வளவுதான் பேசினார். பெரியப்பா பார்த்துக்கொண்டிருந்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பிணத்தை வைத்துக்கொண்டு சண்டை போடமுடியாது என்று அம்மாவுக்குத் தெரியும். இத்தனை ஆண்டுகள் எந்த ஊர்க்கண்ணுக்குப் பயந்தாரோ, அந்தக் கண்களையே அன்றைக்குத் துணைக்கு வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரமே குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து அம்மாவை நீக்கினார்கள். அப்பாவை நீக்கவில்லை. அப்பா வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. குழுவில் வந்த காலை வணக்கப் படங்களை அம்மாவுக்குத் தனியாக அனுப்பிவைத்தார். அவரால் முடிந்த புரட்சி.

அம்மாவுக்கு அன்று என் மேல் அன்பு கூடிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. அன்பு முன்பும் இருந்தது, நாட்குறிப்பைப் படித்தபோதும் இருந்தது. பெரியம்மாவின் பிணத்துக்கு முன்னால் நின்றபோது, இந்த வேலையை ஒழுங்காகப் பார்த்தாலும் கடைசியில் கிடைக்கப்போவது சமையல் கட்டுதான் என்று அவருக்குக் கணக்குப் புரிந்திருக்கவேண்டும். 1988-இல், பத்தொன்பது வயதில், ஹுலு கிளாங் தொழிற்பேட்டையில் மின்னியல் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் அங்கே வேலை செய்த பெண்களை ‘மீனா காரான்’ என்று மலாயில் கேலி பேசுவார்கள். நம் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. இரவு வேலை முடிந்து தொழிற்சாலைப் பேருந்தில் இறங்கும் பெண்ணைப் பற்றி என்னென்ன பேசினார்கள் என்று அம்மா எனக்குச் சொன்னதே 2022-க்குப் பிறகுதான். பன்னிரண்டு ஆண்டுகள் சம்பாதித்தார், வாங்கிய சம்பளம் கல்யாணத்துக்கு முன்பு தாத்தா கைக்கும் பின்பு அப்பா கைக்கும் போனது. வேலையை விட்டது எனக்காக. அப்படிப்பட்டவரிடம் மிச்சமிருந்த ஒரே அதிகாரம் என் மேல்தான்.

2024-இல் அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முதலில் என்ன வேலை என்று கேட்டார். அடுத்த கேள்வி, “என்ன ஆளுங்க?”

நெய்ப்பந்தத்தை எடுத்துக் கொடுத்த அதே அம்மாதான் கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அக்கா வீட்டுக்காரர் ஆளுங்கதான் என்றேன். அம்மா தண்டை ஒடித்துப் போட்டுக்கொண்டே இருந்தார். கீரை முடிந்ததும், “அப்பாகிட்ட நான் பேசுறேன். பெரியப்பாகிட்ட நீயும் பேச வேணாம், நானும் பேச மாட்டேன்” என்றார்.

“தெரிஞ்சிட்டா?”

“தெரியட்டும்.”

வாசகர்களில் சிலர் இதற்கா இவ்வளவு பெருமை என்று கேட்பார்கள். சாதி கேட்டதை மறந்துவிடுவதா? மறக்கவில்லை, அதனால்தான் எழுதினேன். அம்மாவுக்கு மாலை போடச் சொல்லி இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. ஒரு மனிதர் ஐம்பத்தைந்து வயதில் பாதி வழி வந்திருக்கிறார். மீதி வழியை அவரைத் திட்டிக்கொண்டே நானும் நடக்கிறேன். நம் கதைகளில் இந்தப் பாதி வழி வருவதில்லை. கடைசிப் பத்தியில் அம்மா ஒன்று சம்மதிக்கிறாள், அல்லது சாகிறாள், அல்லது கதவைச் சாத்துகிறாள். போட்டிக் கதை என்றால் மகளுக்குக் குழந்தை பிறந்ததும் ஓடிவந்து தூக்கிக்கொள்கிறாள், நடுவர்கள் அழுகிறார்கள். கீரை ஆய்ந்துகொண்டே, சாதி கேட்டுக்கொண்டே, மைத்துனரை எதிர்க்க முடிவெடுக்கும் ஒரு பெண்மணியை எழுத யாருக்கும் பொறுமை இல்லை. எழுதினால் முற்போக்காகவும் இருக்காது, உருக்கமாகவும் இருக்காது. மூத்தவரும் தட்டமாட்டார், என் வயதுக்காரரும் தட்டமாட்டார்.

ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். அப்பாக்களைப் பற்றி எழுதுங்கள். பெரியப்பாக்களைப் பற்றி எழுதுங்கள். ஒரு சொல் பேசாமல் வீட்டை ஆளும் அந்தத் தங்கமான மனிதர்களை ஒருமுறையாவது கதையின் நடுவில் உட்காரவைத்துப் பேசவிடுங்கள். அப்பாவிடம் நானும் இன்னும் சண்டை போடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சண்டை என்றால் கை தானாக அம்மா பக்கம்தான் போகிறது, இருபது ஆண்டுப் பழக்கம்.

போன வாரம் பதிவுத் திருமணத்துக்கான விவரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நான் எங்க கையெழுத்து போடணும்?”

“நீங்க போடத் தேவையில்லம்மா. 21 தாண்டிருச்சின்னா யாரும் சம்மதம் தர வேணாம்.”

“அப்ப நான் எதுக்கு வரணும்?”

சாட்சிகள் இரண்டு பேர் வேண்டும், அதில் ஓர் ஆளாக இருக்கலாம் என்றேன். கொஞ்ச நேரம் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தவர், சம்பளச் சீட்டிலிருந்து என் தேர்ச்சி அறிக்கை வரை தமிழில்தான் கையெழுத்து.

“தமிழ்ல போட்டா ஒத்துக்குவாங்களா?”

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வரவேற்பறையில் அப்பா செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். ஒலியைக் கொஞ்சம் குறைத்ததுபோல் இருந்தது.